ருசி பார்க்க ஒரு சுளை

குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தான் விற்கிறவர்களுக்கு இரண்டு விதமான ஆள்களைத் தெரியும். ஒரு சுளை ருசி பார்த்துவிட்டு ஒரு கிலோ வாங்குகிறவர்கள் ஒரு விதம். ஒரு சுளை தனக்கு, ஒன்று பெண்டாட்டிக்கு, ஒன்று மச்சினனுக்கு என்று குடும்பத்தோடு ருசி பார்த்துவிட்டு, "புளிக்குதே" என்று நடையைக் கட்டுகிறவர்கள் இன்னொரு விதம். எப்சிபா இந்த இரண்டாம் விதத்தை வேனிலிருந்து இறங்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தாலும் முதல் சுளையைக் கொடுப்பாள். அது வியாபாரம். இரண்டாவது சுளைக்குக் கை நீண்டால் கத்தியைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவாள். அது எப்சிபா.

அந்தச் சனிக்கிழமை மலையே தெரியவில்லை. மேகம் இறங்கி ஐந்தருவி ரோட்டு மரங்களின் தலையில் உட்கார்ந்திருந்தது. சாரல் பெய்கிறதா நிற்கிறதா என்று யாருக்கும் சொல்லத் தெரியாத மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நாலு கம்பு, ஒரு நீலத் தார்ப்பாய், அதற்குள் பழக்கூடைகள், ஒரு தராசு, ஒரு ஸ்டூல், அதுதான் அவள் கடை. பழத்தோட்டின் சாறு பட்டுப் பட்டு அவள் விரல்கள் கருஞ்சிவப்பாகியிருந்தன. சீசன் முடியும்வரை அந்தக் கறை போகாது. கோயிலில் இராப்போசன அப்பத்துக்குக் கை நீட்டும்போது குருவானவரே அந்த விரல்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

விருதுநகர் வேன் ஒன்று வந்து ஓரங்கட்டியது. கதவைத் திறந்துபோட்டு, ஈரத் துண்டுகளை ஜன்னலில் தொங்கவிட்டு, உள்ளே பாட்டுப் போட்டிருந்தார்கள். எப்சிபா பழத்தைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டில் இரண்டு வரி போன பிறகுதான் கை நின்றது.

மலையிறங்கும் மழைபோல வாரும் ஐயா,
மண்ணாகக் கிடக்கேன் நான் நனையும் ஐயா.

அவள் பாட்டு. அவள் குரல். வேன்காரன் ஸ்பீக்கரில் தொண்டை கொஞ்சம் தடித்துக் கேட்டது, அவ்வளவுதான்.

"தம்பி, இந்தப் பாட்டு எங்க வாங்குனிய?"

"வாங்குறதா?" வேனிலிருந்து இறங்கிய ஆள் சிரித்தான். "பழைய குற்றாலத்துக்கு ஆட்டோவுல போனோம்க்கா. அந்த ஆட்டோக்காரர் போட்டாரு. நல்லா இருக்கேன்னு சொன்னேன். அஞ்சு பாட்டையும் அப்படியே போன்ல அனுப்பிவிட்டுட்டாரு. அவரு சம்சாரம் பாடினதாம். தங்கமான மனுசன், காசே கேக்கல."

"ஆட்டோ முன்னால என்ன எழுதியிருந்துச்சு?"

"எபெனேசர்னு ஏதோ."

எப்சிபா தராசைப் பார்த்தாள். எபெனேசர் என்று எழுதின ஆட்டோ அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். அதை ஓட்டுகிறவன் பெஞ்சமின். அவள் புருஷன்.

அந்த ஆள் இன்னொரு சுளைக்குக் கையை நீட்டினான். எப்சிபா கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

அந்த ஐந்து பாட்டுகள் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். எப்சிபா இலஞ்சிக் கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடுகிறவள். அடுத்தவர்கள் எழுதியதைப் பாடிப் பாடி, ஒரு சீசனில் கூட்டம் வராத மத்தியானங்களில், தானே கட்ட ஆரம்பித்தாள். தார்ப்பாயில் மழை தட்டுகிற தாளத்துக்குக் கட்டியதுதான் முதல் பாட்டு. பெஞ்சமினின் தம்பி பென்னி தென்காசியில் ஒரு மாடி அறையில் கீபோர்டும் மைக்கும் வைத்து ரெக்கார்டிங் செய்கிறவன். கல்யாண வீட்டு வாழ்த்து, கட்சிக்காரன் விளம்பரம் எல்லாம் அவன் கையில்தான். ஒரு வருஷம் முழுக்கப் பழம் விற்ற காசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுத்து அந்த ஐந்து பாட்டையும் அவள் பதிவு செய்தாள். தபேலாக்காரர் மதுரையிலிருந்து வந்தார். அவருக்கு பஸ் காசு, சாப்பாடு, சம்பளம். ஒரு பாட்டு இருபது ரூபாய் என்று போட்டு, காசு கட்டினால் இறங்குகிற மாதிரி ஒரு லிங்கும் பென்னி செய்து கொடுத்தான்.

அன்றைக்கு எப்சிபா கொழுந்தனிடம் ஒன்று சொன்னாள்.

"இனி பழம் வித்த காசுல ஒரு பைசா பாட்டுக்கு எடுக்க மாட்டேன் பென்னி. பிள்ளைய நடக்க வைக்கிற வரைக்கும்தான் தூக்கணும். இந்த அஞ்சும் சம்பாதிச்சு வந்தா அடுத்த பாட்டு. வரலேன்னா இதோட சரி. நான் குழுவுல நின்னு பாடிட்டுப் போறேன்."

சம்பாத்தியம் என்று வந்ததைக் கைவிரலில் எண்ணலாம். அதிலும் ஒருவர் துபாயில் இருக்கிற அவள் அத்தை மகன். போன வாரம் பென்னி கடைப்பக்கம் வந்து, "விட்டுருங்க மைனி. எனக்குப் புனலூர்ல பேக்கரி வேலைக்குக் கூப்பிடுதாவ. ரூமைக் காலி பண்ணிரலாம்னு பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பாட்டு நன்றாக இல்லை போலிருக்கிறது என்று நாலு ராத்திரி அவள் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் பாட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் வீட்டு ஆட்டோவிலேயே ஏறிப் போயிருக்கிறது.

பெஞ்சமின் அந்திக்கு நனைந்து வந்தான். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கொள்ளை வறுத்துக் காணத்துவையல் அரைத்து வைத்திருந்தாள். அவனுக்கு மழைநாளில் அதுதான் வேண்டும். துவர்த்தை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, "சாயா இருக்கா ஏட்டி?" என்றான்.

"இருக்கு. இன்னைக்குப் பழைய குத்தாலத்துக்கு விருதுநகர் ஆளுகள ஏத்துனியளா?"

"விருதுநகரா சாத்தூரான்னு ஆதார் கார்டு பாத்தா ஏத்துதேன்?"

"பாட்டு போட்டியளா?"

"போட்டேன். நீ பாடுனத நான் போடாம வேற எவன் போடுவான்?"

"போட்டது சரி. அனுப்புனது?"

பெஞ்சமின் துவர்த்தைத் தலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குள் இருந்தால் தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்தானோ என்னவோ.

"கேட்டாவ, குடுத்தேன்."

"கேட்டா குடுத்துருவியளா? நாளைக்கு ஒருத்தன் ஆட்டோவக் கேட்டா?"

"ஆட்டோவும் பாட்டும் ஒண்ணா? ஆட்டோவக் குடுத்தா என்கிட்ட இருக்காது. பாட்டக் குடுத்தா அவன்கிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. என்ன கொறைஞ்சு போச்சு, சொல்லு பாப்போம்?"

எப்சிபா கஞ்சியைக் கிண்டினாள். கிண்டக் கிண்டப் பதில் வந்தது.

"நீங்க நாலு பேர ஏத்திக்கிட்டு ஐந்தருவிக்குப் போறிய. வழியில ஒருத்தன் கை காட்டுதான். வண்டி எப்படியும் அங்கனதான் போவுது. அவன் ஓரத்துல தொத்திக்கிட்டா உங்க வண்டியில என்ன கொறைஞ்சு போச்சு? ஏன் அவன்கிட்ட காசு வாங்குதிய?"

"ஏட்டி, பெட்ரோல் போடுதேன்லா."

"என் பாட்டுக்கும் பெட்ரோல் போட்டிருக்கு. ஒரு வருசம் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்து போட்டேன்."

பெஞ்சமின் சாயாவைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகப் பேசினான்.

"யாரு பாடுதான்னு கேக்கானுவ எப்சி. என் வீட்டுக்காரின்னு சொல்லும்போது அவனுவ முன்னால சாஞ்சு என் மூஞ்சியப் பாக்கானுவ. இந்த மூஞ்சிய யாரு இதுவரைக்கும் பாத்தா? மீட்டருக்கு மேல கேக்கானான்னுதான் பாப்பானுவ. உண்மையச் சொல்லணும்னா, அவனுவ எங்க கேட்டானுவ? நானேதான் அனுப்பட்டான்னு கேக்கேன்."

இந்த மனுஷனை எப்சிபாவுக்கு அந்த நிமிஷத்தில் ரொம்பப் பிடித்தது. கோபமும் கொஞ்சமும் குறையவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது அவளுக்குப் பழகியதுதான்.

"பெருமைய வாயால சொல்லுங்க. நாள் முழுக்கச் சொல்லுங்க, நான் வேண்டாங்கல. பாட்டக் குடுக்கதுன்னா மட்டும் என்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க. அது உங்க வீட்டுக்காரியோடது. உங்களோடது இல்ல." கஞ்சியை ஊற்றி வைத்தாள். "மொதமொதல்ல யாருக்குக் குடுத்திய?"

"ஆசீர்வாதம் அண்ணாச்சிக்கு" என்றான் பெஞ்சமின், கஞ்சியைப் பார்த்துக்கொண்டு.

ஆசீர்வாதம் அண்ணாச்சி வடகரையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர். கோயில் கமிட்டிச் செயலாளர். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. பெஞ்சமினுக்குக் கால் ஒடிந்தபோது தன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனவர். ஆனால் அவர் போனில் எது வந்தாலும் அது ஊருக்கே போய்விடும். ஜெபக் குழு, வாலிபர் குழு, தேங்காய் வியாபாரிகள் குழு என்று அவர் கையில் ஏகப்பட்ட வாட்ஸ்அப் குழுக்கள். விடிகாலையில் அவர் அனுப்புகிற வேத வசனப் படத்தில்தான் பாதி சபை கண் விழிக்கும்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் சாரலுக்கு ஒதுங்கி நின்ற அவரை எப்சிபா பிடித்தாள். பெஞ்சமின் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, என் பாட்ட குழுவுல போட்டிருக்கிய."

"போட்டேன் தாயி. எங்க போட்டேன்னு கேளு. வள்ளியூர் வரைக்கும் போயிருக்கு. இம்புட்டுப் பேரு கேக்காவ. தேவனுக்குத்தான் மகிமை."

"காசு கட்டி வாங்குத லிங்க் இருக்கு. அதப் போட்டிருக்கலாம்லா."

அண்ணாச்சி குடையை மடக்கினார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"கோயில் பாட்டுக்குக் காசா? இது ஊழியம்லா எப்சிபா. நீ என்ன சினிமாப் பாட்டா பாடுத? உனக்கு அந்தத் தொண்டைய அவரு சும்மாதான குடுத்தாரு?"

"தொண்டைய சும்மா குடுத்தாரு. மழையையும் சும்மாதான் குடுக்காரு. உங்க தேங்காய்க்கு மட்டும் ஏன் அண்ணாச்சி விலை?"

பக்கத்தில் நின்றவர்கள் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு செருமினார்கள்.

"தேங்காய்க்கு ஆள் கூலி இருக்கு, வண்டி வாடகை இருக்கு."

"பாட்டுக்கு மட்டும் ஆள் கூலி இல்லையா? தபேலாக்காரர் கோயில் பாட்டுதானேன்னு சும்மா வாசிச்சுட்டா போனாரு?"

அண்ணாச்சி குரலைத் தணித்தார். இப்போது அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. "இங்க பாரு தாயி. மேலகரத்துல நம்ம ஞானப்பூ சித்தி படுத்த படுக்கையா கிடக்கா. உன் பாட்ட வச்சாத்தான் சாப்புடுதாளாம். அவகிட்டப் போயி இருபது ரூவா கேக்கச் சொல்லுதியா?"

"சித்திக்கு நான் போன வெள்ளிக்கிழம நேர்ல போயி, கட்டில்ல உக்காந்து பாடிட்டு வந்தேன். காசு கேட்டனான்னு நீங்களே அவகிட்டக் கேளுங்க. நான் குடுக்கது வேற, என்னையக் கேக்காம எடுத்துக் குடுக்கது வேற."

"சரி. புதுசா ஒண்ணு கட்டியிருக்கேன்னு சொன்னியாமே. ஸ்தோத்திரப் பண்டிகையன்னைக்கு அதத் தனிப்பாட்டா பாடிரு. நான் வீடியோ எடுத்து எல்லாத்துக்கும் அனுப்பிருதேன். இந்த இருபது ரூவாப் பேச்ச அத்தோட விட்டுரு."

"வீடியோ எடுக்கதா இருந்தா நான் பாடல அண்ணாச்சி."

"அப்போ தனிப்பாட்டு வேற ஆளுக்குக் குடுத்துருவோம்" என்றார் அவர். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவே குழுவில் செய்தி போனது. எப்சிபாவின் பேர் இல்லை. தேவன் வரமாகக் கொடுத்த தாலந்தை விலை பேசுகிற காலம் வந்துவிட்டது என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே கைகூப்புகிற படங்கள் வரிசையாக வந்தன. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். பெஞ்சமின் போனை அவளிடம் நீட்டி, "மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போட்டுரு எப்சி. அண்ணாச்சி நமக்குச் செஞ்சத மறந்துட்டுப் பேசப்படாது" என்றான்.

"மறக்கல. அவரு கால் வலிச்சா நானும் தூக்கிட்டுப் போவேன். பாட்டுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்."

"பண்டிகைக்கு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவ?"

"இதே மூஞ்சிதான். போன வருசமும் இதத்தான கொண்டுபோனேன்."

ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் அங்கே எப்படி என்பதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். விளைந்ததில் முதலில் வந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், இளநீர்க் குலை, நெல்லுப் பெட்டி, சேவல், பலா, ஒற்றை முட்டை எல்லாம் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்துப் பந்தலில் அத்தனையும் ஏலம். சந்தையில் அஞ்சு ரூபாய்க்குப் போகாத எலுமிச்சம்பழம் அங்கே ஆயிரத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவன் அதைக் கோயிலுக்கே திரும்பக் கொடுப்பான். அதை மறுபடியும் ஏலம் போடுவார்கள். கோயிலுக்குக் காசு, எடுத்தவனுக்குப் பெருமை, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. அதற்குப் பிறகு ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனச் சோறு. கறியும் கத்திரிக்காயும் போட்ட குழம்பின் வாசம் பந்தலுக்குள் வந்துவிட்டால் ஏலம் சூடுபிடிக்கும். ஏலம் கேட்கிறவனுக்குப் பசி, கேட்காமல் முடிக்கவும் மனசு இருக்காது.

ஏலம் போடுகிறவர் வழக்கம்போல ஆசீர்வாதம் அண்ணாச்சி. அவருக்கு மைக் தேவையில்லை. தேங்காய் மண்டியில் ஏலம் கூறிக் கூறித் தேறின தொண்டை அது.

வடகரை ராசையா தோட்டத்துப் பாகற்காய் ஒன்று, வெறும் ஒரு பாகற்காய், இரண்டாயிரத்தைத் தாண்டிப் போனது. கைதட்டல் ஓய்ந்ததும் அண்ணாச்சி மேஜையில் அடுத்திருந்த ஓலைப்பெட்டியைத் தூக்கினார். தூக்கின வேகத்தில் கை மேலே போய்விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை.

"இது யாரு வீட்டுப் பெட்டி? வெறும் பெட்டியா இருக்கு?"

பெண்கள் பக்கத்திலிருந்து எப்சிபா எழுந்து வந்தாள். வருஷா வருஷம் அவள் மங்குஸ்தான் கூடைதான் கொண்டுவருவாள். இந்த வருஷம் கூடை இல்லை.

"என் வீட்டுப் பெட்டிதான் அண்ணாச்சி. நான் கொண்டுவந்தது பாட்டு. புதுப் பாட்டு. இன்னும் யாரு காதுக்கும் போகல. ஏலம் எடுக்கவியளுக்காக இங்கனயே நின்னு பாடுதேன். பெட்டி, எல்லாரும் போனப் போடதுக்கு."

பந்தல் மொத்தமாகப் பேசியது. கோயிலில் பாட்டை ஏலம் போடுவதாவது என்று பின்னாலிருந்து ஒரு கமிட்டிக்காரர் எழுந்தார். பெஞ்சமின் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணாச்சி குருவானவரைப் பார்த்தார். குருவானவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

"எப்சிபா, இது என்ன பழக்கம்?" என்றார் அண்ணாச்சி. "பாட்டு கர்த்தருக்கு உள்ளதுலா?"

"பாகக்காய் யாருக்கு உள்ளது அண்ணாச்சி?"

ராசையா இருந்த பக்கம் அவள் கையைக் காட்டினாள்.

"ராசையா மாமா இன்னைக்கு ஒத்தப் பாகக்காய கோயிலுக்குக் கொண்டுவந்தாவ. மிச்சத்த நாளைக்கு தென்காசிச் சந்தைக்குக் கொண்டுபோவாவ. கர்த்தர் விளையவச்சதத்தான விக்கே, ஊழியம்னு சும்மா குடுத்துட்டுப் போன்னு ஒருத்தரும் அவியளக் கேக்கல. ராத்திரி தோட்டத்துல புகுந்து பறிச்சு ஊரு முழுக்கக் குடுத்துட்டு, மகிமை தேவனுக்குன்னும் சொல்லல. நானும் விளையவச்சுதான் கொண்டுவந்திருக்கேன். ஒண்ணு கோயிலுக்கு. மத்தது சந்தைக்கு. கோயிலுக்குன்னு நான் குடுக்கதுல ஒரு பைசா எனக்கு வேண்டாம். ஆனா என் கையால குடுக்கணும்."

அண்ணாச்சி கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"யாருக்கும் வேண்டாம்னா பெட்டிய எடுத்துட்டுப் போறேன். ருசி பாக்காம யாரும் வாங்க மாட்டாவ, எனக்குத் தெரியும். ஒரு சுளை தாரேன்."

யாரும் சொல்வதற்குள் பாடினாள்.

விதைச்ச எனக்குத் தெரியும் ஐயா
விளைஞ்சதோட அருமை,
விளையவச்ச உமக்குத் தெரியும்
விதைச்ச கையோட அருமை.

பல்லவி முடிந்ததும் நிறுத்திவிட்டாள். பந்தலில் பாதிப் பேர் அடுத்த வரிக்குத் தலையை நீட்டியபடி இருந்தார்கள். இரண்டு மூன்று கைகளில் போன்கள் உயர்ந்திருந்தன. எப்சிபா அவற்றைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றாள். கத்தியைத் துடைத்து உள்ளே வைக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"ஐநூறு" என்றது ஒரு குரல். வடகரை ராசையா. வெற்றிலை போட்ட வாயோடு எழுந்து நின்றார். "என் பாகக்காய்க்கு அம்புட்டு குடுத்திய. அந்தப் பிள்ள சொல்லுதது எனக்கு விளங்குது. ஐநூறு."

"அறுநூறு" என்றாள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி. குழாயடியில் பேச்சை நிறுத்தினவள்தான்.

அப்புறம் ஏலம் தன் பாட்டுக்கு ஓடியது. ஆயிரம் தாண்டியது. அண்ணாச்சி கூவக் கூவ அவருக்குள் இருந்த மண்டிக்காரர் விழித்துக்கொண்டார். ஆயிரத்து எண்ணூறில் ராசையா நின்றபோது, "ஒருதரம், ரெண்டுதரம்" என்றவர், மூன்றைச் சொல்லாமல் விழுங்கினார்.

"ரெண்டாயிரத்து ஐநூறு. நானே எடுத்துக்கிடுதேன்."

பந்தல் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். மூன்றுதரம் சொல்லி மேஜையைத் தட்டினார்.

"போனு அண்ணாச்சி" என்று எப்சிபா பெட்டியை நீட்டினாள்.

முதல் போன் பெஞ்சமினுடையது. யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து போட்டான். போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான். பிறகு ராசையா, வாலிபர்கள், பாடகர் குழு, குருவானவரே ஒன்று. கடைசியாக அண்ணாச்சி தன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல மெதுவாக வைத்தார். அவர் கை விட்ட பிறகும் அது உள்ளே கிடந்து மினுங்கியது.

எப்சிபா முழுப் பாட்டையும் பாடினாள். மேலே தகரத்தில் சாரல் சடசடத்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து பந்தல் ஓரத்தில் நின்றார்கள். யாரும் எதையும் பிடித்துவைக்க முடியாததால் எல்லாரும் கேட்டார்கள். ஞானப்பூ சித்தியின் மகள் அழுதாள். எப்சிபாவுக்கு அழுகை வரவில்லை. பாடி முடிக்கும்வரை அவளுக்கு நெஞ்சு நிறைய ஒரு வீம்பு இருந்தது. அது அவளுக்கு ரொம்ப நன்றாகவும் இருந்தது.

சோற்றுப் பந்தியில் ஆசீர்வாதம் அண்ணாச்சி இலையைத் தூக்கிக்கொண்டு அவள் இருக்கிற இடத்துக்கே வந்தார்.

"எப்சிபா, பாட்டு மனசுக்குள்ளயே கிடக்கு. எடுத்தவன் நானுலா. எனக்கு மட்டும் அனுப்பிரு."

"நீங்க எடுத்தது பாடுதது அண்ணாச்சி. பாடியாச்சு. ரெக்கார்டு ஆகட்டும், லிங்க் வரும்."

"எனக்குமா காசு?"

"உங்களுக்கும் இருபது ரூவாதான். கூட ஒரு கறித்துண்டு வாங்கிக்கோங்க, இலையில ஒண்ணும் இல்லையே."

அவர் குனிந்து இலையைப் பார்த்தார். பிறகு, "உன்னைய மண்டியில உக்கார வச்சா நான் வீட்டுல கிடக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கறி வாங்கப் போனார்.

ஊர் ஒரு நாளில் திருந்திவிட்டதாக நான் சொல்லப்போவதில்லை. குழுக்களில் பழைய பாட்டுகள் இன்னும் சும்மாதான் சுற்றுகின்றன. ஆனால் பண்டிகைக்கு அடுத்த வாரத்தில் லிங்க் வழியாக ஆள்கள் வரத் தொடங்கினார்கள். போனில் ஏற்கெனவே அதே பாட்டை வைத்திருந்தவர்களே காசு கட்டினார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. குழாயடிப் பெண் ஒருத்தி, "திருட்டுக் கோழிக் குழம்பு சாப்புட்ட மாதிரி இருந்துச்சு எப்சி, அதான்" என்றாள். புதுப் பாட்டைப் பதிவு செய்கிற பாதிச் செலவுக்குக் காசு வந்ததும் பென்னி ஆரம்பித்துவிடலாம் என்றான். முழுக்க வரட்டும் என்றாள் எப்சிபா. ஆவணியில் முழுக்க வந்தது. புனலூர் பேக்கரிக்கு வேறு ஆள் போனான்.

பதிவன்று சாரல் விடவில்லை. பென்னியின் அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை நிற்கட்டும் என்று உட்கார்ந்து பார்த்து, கடைசியில் அதையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். "சாரலுக்கும் ஒரு பங்கு குடுக்கணும் மைனி" என்றான் பென்னி.

அன்று வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் பெஞ்சமின் கேட்டான்.

"புதுப் பாட்ட என் போன்ல ஏத்திவிடு எப்சி. வண்டியில போடணும்லா."

"லிங்க் இருக்கு."

"எனக்குமா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல."

அவன் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினான். போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். அவள் மடியில் இருந்த போன் இருபது ரூபாய் வந்ததென்று சிணுங்கியது. அவள் எடுத்துப் பார்த்து, உள்ளே வைத்துக்கொண்டு, "போங்க, மழை கூடுது" என்றாள்.

சீசனின் கடைசி வாரத்தில் கோவில்பட்டி ஆள்கள் மூன்று பேர் எபெனேசரில் ஏறினார்கள். இலஞ்சி தாண்டும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவன் சாய்ந்து பெஞ்சமினின் முகத்தைப் பார்த்தான்.

"யாருண்ணே பாடுறது?"

"என் வீட்டுக்காரி" என்றான் பெஞ்சமின். அவன் முகம் இன்னும் அப்படியேதான் மலர்ந்தது. அது மாறவில்லை.

"சூப்பரா இருக்குண்ணே. புளூடூத்ல தட்டிவிடுங்களேன்."

பெஞ்சமினின் கை பழக்கத்தில் போன் பக்கம் போனது. பிறகு கண்ணாடிக்குக் கீழே விரலைக் காட்டியது. வண்டிக் கூலிக்கு ஒட்டியிருந்த க்யூ.ஆர். ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது.

"ஐந்தருவி வரைக்கும் சும்மா கேளுங்க. கொண்டுபோகணும்னா அதுல இருபது ரூவா."

மூன்று பேரும் சிரித்தார்கள். "என்னண்ணே, பாட்டுக்குப் போயி எவனாவது காசு குடுப்பானா?"

பெஞ்சமின் கியரை மாற்றினான்.

"நான் குடுத்தேன்" என்றான்.